மூன்று கோடி வாசல்கள்

கையடக்கத் தொலைபேசியைத் திறந்து சமூக வலைத்தளமொன்றை நோக்குகின்ற ஒருவர், தாம் பின்தொடரும் மனிதர்களின் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாய் நிற்பதைக் காண்கிறார். விரலால் தள்ளத் தள்ள அவ்வரிசை நீண்டுகொண்டே போகிறது. கண்ணிமைக்கும் பொழுதில் வந்து நிற்பதால், அஃது எங்கோ ஓரிடத்தில் முன்னரே எழுதி வைக்கப்பட்ட பலகை என்றும், எல்லாரும் சென்று அதனையே வாசிக்கின்றனர் என்றும் எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. சந்தியிலே ஒட்டப்பட்ட அறிவித்தல் ஊரார் எல்லாருக்கும் ஒன்றே. பதிவுவரிசையோ ஆளுக்கு ஆள் வேறு. ஒரே வீட்டில் வாழும் தமையனும் தங்கையும் ஒரே கணத்தில் திறந்தாலும், இருவர் முன்னும் விரிவன இரு வேறு வரிசைகள். பத்திரிகை அச்சிடுவோர் ஒரே இதழை இலட்சம் படிகள் எடுப்பர். இங்கோ ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு தனி இதழ், அதுவும் அவர் கேட்ட அந்தக் கணத்திலேயே வேண்டும்.

இஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். எல்லாத் தளங்களையும் எடுத்துக்கொண்டால் பொழுது போதாது. 2006 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் டுவிட்டர் என்னும் பெயரோடு தொடங்கி, 2023 ஜூலை முதல் எக்ஸ் என்னும் பெயர் பூண்ட தளத்தின் கதை ஒன்றே போதும். தாம் பட்ட பாட்டை அதன் பொறியியலாளர்கள் ஒளிக்காமல் வெளியே சொன்னபடியால், அக்கதை மற்றவர்களுக்கும் தெளிவாகக் கிடைக்கிறது.

முதலில் ஒரு கிராமத்தை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். அங்கே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் திண்ணையில் ஓர் ஏட்டை வைத்து, தமக்குத் தோன்றும் செய்திகளை அதில் எழுதுகின்றனர். ஒருவருக்கு இருநூறு வீட்டாருடைய செய்திகளை அறியும் ஆவல் உண்டு. அவர் செய்யக்கூடியது யாது? வேண்டும் பொழுதெல்லாம் எழுந்து, இருநூறு வீடுகளுக்கும் நடந்து, புதிதாக எழுதப்பட்டவற்றைப் படியெடுத்து, வீடு திரும்பி, நேரப்படி அடுக்கி வாசிக்கலாம். இது ஒரு வழி. மற்றைய வழியில், எழுதுபவரே எழுதி முடித்த உடனே படிகள் எடுத்து, தம் செய்தியை விரும்புவோர் வாசல்தோறும் உள்ள பெட்டிகளில் இட்டுவிடுவார். வாசிப்பவர் தம் பெட்டியைத் திறந்தாற் போதும். முதல் வழியில் எழுதுபவருக்குச் சுகம், வாசிப்பவருக்கு அலைச்சல். இரண்டாவதில் இது தலைகீழ். அலைச்சல் எந்த வழியிலும் ஒழிவதில்லை. அது கைமாறுகிறது, அவ்வளவே. அதனை எந்த வேளையில், யார் தலையில் சுமத்துவது என்பதே டுவிட்டரின் பொறியியலாளர் முன் நின்ற வினா.

தொடக்கத்தில் அவர்கள் முதல் வழியையே கையாண்டனர். பதிவுகள் யாவும் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. வாசகர் ஒருவர் திறந்ததும், அவர் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்று பார்த்து, அவர்களுடைய அண்மைப் பதிவுகளைத் தேடித் திரட்டி, அடுக்கிக் கொடுத்தது மென்பொருள். பயனாளர் சில ஆயிரவராய் இருந்த காலத்தில் இதில் குறையொன்றும் இல்லை. அவர்கள் இலட்சங்களாகவும் கோடிகளாகவும் பெருகியபோது, ஒவ்வொருவருக்காகவும் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நடப்பது தரவுத்தளத்தால் இயலாததாயிற்று. தளம் அடிக்கடி நின்றது. நின்றபோதெல்லாம் திரையில் ஒரு திமிங்கிலத்தின் படம் தோன்றியது. சிறு பறவைகள் பல சேர்ந்து அதனைக் கயிறு கட்டித் தூக்கிச் செல்லும் அழகிய சித்திரம் அது. இடர்ப்பாட்டை அறிவிக்க வந்த படம் மக்களிடையே பெயர் பெறுமளவுக்கு அது அடிக்கடி தோன்றியதென்றால், இடர் எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2010 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடைபெற்றது. ஒவ்வொரு கோல் விழும்போதும், ஒவ்வொரு தண்ட உதையின்போதும், நடுவர் மஞ்சள் அட்டையோ சிவப்பு அட்டையோ காட்டும்போதும் உலகெங்கும் உள்ளோர் ஒருங்கே எழுதத் தொடங்கினர். சராசரிக் கணக்கைப் பார்த்துக் கட்டிய அமைப்பு, கணப்பொழுதில் எழும் அலையைத் தாங்கவில்லை. மீண்டும் மீண்டும் சிறிது சிறிது நேரம் தளம் செயலற்றது. அந்த மாதத்து அனுபவமே, ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவதை விட்டு, அமைப்பை அடியிலிருந்து மாற்ற வேண்டுமென்னும் முடிவுக்கு அவர்களைக் கொண்டுவந்தது.

மாற்றியதில் தலையாயது, பெட்டிகளில் இடும் வழியை முழுமையாகக் கைக்கொண்டதாகும். ஆங்கிலத்தில் பொறியியலாளர் இதற்கு இட்ட பெயர், விசிறி விரிவதைக் குறிப்பது. காம்பு ஒன்று, மடல்கள் பல. ஒருவர் ஒரு பதிவை எழுதியதும், அவரைப் பின்தொடர்வோர் யாவர் என்று உறவுப் பட்டியலைக் கேட்டறிந்து, அவர்கள் ஒவ்வொருவருக்குமுரிய வரிசையின் தலையில் அப்பதிவு சேர்க்கப்படும். ஆயின், பதிவின் சொற்கள் முழுவதும் அங்கே எழுதப்படுவதில்லை. பதிவின் இலக்கமும், எழுதியவரின் இலக்கமும், ஓரிரு குறிப்புகளுமே எழுதப்படும். சொற்கள் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். வாசகர் திறக்கும் வேளையில் இலக்கத்தைக் கொண்டு அவற்றை எடுத்து நிரப்புவர்.

சிறிய காரியமாகத் தோன்றினும் இதில் நுட்பம் உண்டு. எழுதியவர் தம் பதிவை அழித்துவிட விரும்பினால், ஆயிரம் பெட்டிகளைத் தேடிச் சென்று ஆயிரம் படிகளைக் கிழிக்க வேண்டியதில்லை. மூலத்தை அழித்தாற் போதும். பெட்டியில் உள்ள இலக்கம் வெற்றிலக்கமாகும். நிரப்ப வருபவர் ஒன்றும் காணாமல் அதனைத் தள்ளிவிடுவார்.

வரிசைகள் யாவும் வட்டுகளில் அன்றி, கணினியின் நினைவகத்திலேயே வைக்கப்பட்டன. வட்டிலிருந்து எடுப்பது பெட்டகத்தைத் திறந்து ஏட்டை எடுப்பது போன்றது. நினைவகத்திலிருந்து எடுப்பது மேசைமேல் விரித்து வைத்த ஏட்டைப் பார்ப்பது போன்றது. மேசையில் இடம் குறைவு, விலையும் அதிகம். ஆகையால் ஒருவருக்கு ஏறத்தாழ 800 பதிவுகளின் இலக்கங்கள் மட்டும் என்று எல்லை வகுத்தனர். புதியது ஒன்று மேலே வந்தால் பழையது ஒன்று அடியிற் கழியும். ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று கணினிகளில் மூன்று படிகள். ஒன்று பழுதடைந்தால் மற்றொன்று கைகொடுக்கும். முப்பது நாளாக எட்டிப் பார்க்காதவருக்கு வரிசையே வைப்பதில்லை. அவர் ஒருநாள் திரும்பி வந்தால், அன்று மட்டும் பழைய வழியில் வீடு வீடாகச் சென்று திரட்டி அவருக்கொரு வரிசையைப் புதிதாக அமைப்பர். அந்த முதல் நாள் அவர் சற்றுக் காத்திருக்க நேரும். எல்லாரையும் சமமாக நடத்த முற்பட்டிருந்தால் எல்லாருமே காத்திருந்திருப்பர்.

2012 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. செக்கனுக்குச் சராசரியாக 4,600 பதிவுகள் எழுதப்பட்டன. நெருக்கடி வேளையில் அது 12,000 ஐயும் தாண்டியது. வாசிக்க வந்த வேண்டுகோள்களோ செக்கனுக்கு 3 இலட்சம். அதாவது, ஒரு பதிவு எழுதப்படும் பொழுதில் அறுபத்தைந்து தடவை வரிசைகள் திறக்கப்பட்டன. ஒரு பதிவு சராசரியாக 75 பெட்டிகளுக்குப் போக வேண்டியிருந்தது. 4,600 ஐ 75 ஆற் பெருக்கினால் 3 இலட்சத்து 45 ஆயிரம். அப்படியாயின், மூன்று இலட்சம் வாசிப்பைச் சுலபமாக்குவதற்கு மூன்றரை இலட்சம் இடங்களில் எழுதுவதா, இதில் ஆதாயம் எங்கே என்று கணிதம் அறிந்த நேயர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடை இரண்டு பகுதியாக உள்ளது. பழைய வழியில் ஒரு வாசிப்பு என்பது ஒரு செயலன்று. நூற்றுக்கணக்கான வீடுகளைத் தட்டும் செயல். அது ஒன்று. மற்றது இதனினும் முக்கியமானது. வாசிக்க வந்தவர் கண்ணைத் திறந்துகொண்டு திரைமுன் காத்திருக்கிறார். இரண்டு செக்கன் தாமதித்தாலும் அவருக்குத் தெரியும். எழுதியவரோ, பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற மறுமொழியைப் பெற்றவுடன் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அப்பதிவு காத்திருப்போர் நிரையில் நின்று, பின்னர் ஒவ்வொரு பெட்டியாகச் சென்று சேர்வதை எவரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. யாரும் காத்திராத வேளைக்கு வேலையைத் தள்ளிவைத்தலே இவ்வழியின் உயிர்நாடி. கலியாண வீட்டில் காய்கறியை முதல்நாள் இரவே நறுக்கி வைப்பவர்கள் இதனை எந்தக் கல்லூரியிலும் கற்றவர்கள் அல்லர்.

இடர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. சராசரி 75 என்பது உண்மையே; ஆனால் சராசரி மனிதர் ஒருவரும் உலகில் இல்லை. பெரும்பாலோருக்குப் பின்தொடர்வோர் சில பத்துப் பேர். பாடகி லேடி காகா போன்றவர்களுக்கோ 3 கோடிப் பேர். அவர் ஒரு வரி எழுதினால் 3 கோடிப் பெட்டிகளில் இலக்கம் இட வேண்டும். எந்தப் பதிவையும் ஐந்து செக்கனுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பது பொறியியலாளர் தமக்கு இட்டுக்கொண்ட குறி. மூன்று கோடி வாசல்களுக்கு ஐந்து செக்கனில் போய்வருவது எளிதோ?

அதனால் விளைந்த விபரீதம் இது. பாடகியின் பதிவு முதலில் கிடைத்த இரசிகர் ஒருவர் உடனே அதற்கு மறுமொழி எழுதுகிறார். அவரைப் பின்தொடர்வோர் நூறு பேரே. ஆகையால் அம்மறுமொழி நொடியில் நூறு பெட்டிகளுக்கும் போய்விடுகிறது. அந்த நூறு பேருள் ஒருவருக்குப் பாடகியின் மூலப் பதிவு இன்னும் வந்து சேரவில்லை. அவர் வினாவைக் காணுமுன் விடையைக் காண்கிறார்.

பாட்டையும் கூத்தையும் பற்றிய பேச்சில் இது வேடிக்கையாக முடியலாம். ஆனால் அத்தளத்தை மக்கள் வேடிக்கைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. 2011 மார்ச் 11 ஆந் திகதி யப்பானில் பெரும் நிலநடுக்கமும் கடற்கோளும் நேர்ந்தபோது, தொலைபேசி இணைப்புகள் நெருக்கடியிலிருந்த வேளையில், பலர் உறவினரைத் தேடியதும் தாம் உயிரோடிருப்பதை அறிவித்ததும் இத்தகைய தளங்களின் வாயிலாகவே. அந்நிலையில் எந்தச் செய்தி முந்தியது, எது பிந்தியது, எதற்கு எது மறுமொழி என்பதெல்லாம் விளையாட்டல்ல. எச்சரிக்கை பிந்திச் சேர்ந்து, அதனை நீக்கிய அறிவித்தல் முந்திச் சேர்ந்தால், வாசிப்பவர் நிலை என்னாகும்?

இதற்குக் கண்ட பரிகாரம் இரு வழிகளையும் கலப்பதாகும். சாதாரண மக்களின் பதிவுகள் முன்போலவே பெட்டிகளில் இடப்படும். மிகப் பெரும் கூட்டத்தினர் பின்தொடரும் சிலருடைய பதிவுகளைப் பெட்டிகளில் இடாமல் விட்டுவிடலாம். வாசகர் திறக்கும் வேளையில், அவர் பின்தொடரும் அத்தகைய பிரமுகர் எவரேனும் உளரா என்று பார்த்து, இருந்தால் அவருடைய அண்மைப் பதிவுகளை மட்டும் எடுத்து வரிசையிற் செருகினாற் போதும். பிரமுகர் தொகை சிறிதாகையால், அவர்களுடைய பதிவுகளை ஓரிடத்தில் ஆயத்தமாக வைத்து எல்லாருக்கும் காட்டலாம்; அஃது ஏறக்குறையச் சந்தியில் ஒட்டிய அறிவித்தலே. ஆக, எளியவரின் கடிதம் வாசலுக்கு வருகிறது. பெரியவரின் கடிதத்தைப் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உலக வழக்குக்கு மாறான இம்முறையை ஒரு கணக்கு ஏற்படுத்தித் தந்தது என்பது சுவையான செய்தி.

பேஸ்புக் தளம் வேறு வழியிற் சென்றது. அங்கே நட்பு இருபுறமும் ஒப்பவேண்டியது. நண்பர் தொகைக்கு 5,000 என்ற எல்லையும் உண்டு. 2006 செப்டெம்பரில் செய்தியோடையைத் தொடங்கிய அந்நிறுவனம், பதிவுகளை வாசிக்கும் வேளையிலேயே திரட்டும் முறையைப் பெரிதும் வளர்த்தது. இன்ன நேரத்தில் இன்னாருக்கு எது முக்கியம் என்று தெரிந்தெடுக்க விரும்புவோருக்கு, முன்கூட்டியே அடுக்கி வைத்த பெட்டி அவ்வளவாக உதவாது. இது பின்னர் டுவிட்டருக்கும் பொருந்தியது.

பதிவுகளுக்கு இலக்கமிடுவதிலும் ஓர் இடர் இருந்தது. முன்னர் ஒரே தரவுத்தளம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இலக்கம் கொடுத்தது. காணிக் கந்தோரில் பதிவேடு ஒன்று, எழுதுவினைஞர் ஒருவர். எத்தனை பேர் வந்தாலும் அவர் மேசைமுன்பே நிற்க வேண்டும். பல மேசைகளைப் போட்டாலோ, இருவருக்கு ஒரே இலக்கம் கிடைத்துவிடக்கூடும். 2010 இல் அவர்கள் அமைத்த முறைக்குப் பனிச்செதில் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயராக இட்டனர். ஒன்றுபோல் மற்றொன்று இராது என்பது பனிச்செதிலைப் பற்றி மேல்நாட்டார் கூறும் பேச்சு. பெயர் சூட்டுவதில் பொறியியலாளர் சில வேளை கவிஞரை விஞ்சிவிடுகின்றனர்! இம்முறையில் ஒவ்வோர் இலக்கத்தின் முற்பகுதி நேரம், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை நுட்பமாக. அடுத்தது, இலக்கமிடும் கணினியின் எண். இறுதியில், அந்த நுண்பொழுதில் அக்கணினி கொடுத்த எத்தனையாவது இலக்கம் என்பது. இதனால் எந்தக் கணினியும் மற்றொன்றைக் கேளாமலே இலக்கம் கொடுக்கலாம். ஓர் இலக்கம் இருமுறை வராது. இலக்கப்படி அடுக்கினால் ஏறத்தாழக் காலப்படி அடுக்கியதாகவும் ஆகும். ஏறத்தாழ என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். வெவ்வேறு கணினிகளின் கடிகாரங்கள் மயிரிழையேனும் வேறுபடும். அந்தச் சிறு பிழையை ஏற்றுக்கொண்டே அமைப்பு விரிந்தது.

வாசகர் கீழே தள்ளிக்கொண்டு போகும்போது அடுத்த இருபது பதிவுகளைக் கேட்பதும் இவ்விலக்கத்தாலேயே இடரின்றி நடக்கிறது. இரண்டாம் பக்கம் தருக என்று கேட்டால், இதற்கிடையில் மேலே புதியன சேர்ந்திருக்கும். வாசித்தவையே மீண்டும் வரும். இந்த இலக்கத்துக்கு முந்தியவற்றைத் தருக என்று கேட்டால் அக்குழப்பம் இல்லை.

இவற்றோடு, ஒரே பெரிய மென்பொருளாக இருந்ததைப் பல சிறு சேவைகளாகப் பிரித்தனர். பதிவுகளுக்கு ஒன்று, பயனாளருக்கு ஒன்று, வரிசைகளுக்கு ஒன்று, உறவுப் பட்டியலுக்கு ஒன்று என ஆயிற்று. ஒன்று தளர்ந்தால் மற்றவை நிற்கும். ரூபி என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டிருந்த பகுதிகளை வேறு மொழிகளுக்கு மாற்றினர். செக்கனுக்கு 200 முதல் 300 வரையான வேண்டுகோள்களைக் கவனித்த கணினி, 10,000 முதல் 20,000 வரை கவனிக்கத் தொடங்கியது.

இவ்வளவும் செய்தபின் சோதனை எப்படி வந்தது தெரியுமோ? போரினாலுமன்று, தேர்தலினாலுமன்று. 2013 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு யப்பானியத் தொலைக்காட்சியில் ‘வானத்துக் கோட்டை’ என்னும் பொருள்படும் பெயருடைய சித்திரப் படம் காட்டப்பட்டது. மியசாக்கி ஹயாஓ 1986 இல் ஆக்கிய படம் அது. அதன் முடிவில் சிறுவனும் சிறுமியும் ஒரு மந்திரச் சொல்லைக் கூறக் கோட்டை இடிந்து விழும். படம் பார்ப்போர் யாவரும் அந்தக் கணத்தில் தாமும் அச்சொல்லை எழுதுவது அந்நாட்டில் வழக்கமாயிருந்தது. அக்கணம் வந்தது. ஒரே செக்கனில் 1 இலட்சத்து 43 ஆயிரத்து 199 பதிவுகள் வந்து விழுந்தன. அக்காலத்துச் சராசரி செக்கனுக்கு 5,700 மட்டுமே. சராசரியிலும் இருபத்தைந்து மடங்கு வெள்ளம்! மூன்றாண்டுக்கு முன் ஒரு கோலுக்கே ஆடிப்போன தளம் அன்று அசையவில்லை. கோட்டை மட்டுமே விழுந்தது.

எனினும் வெற்றியை முழுமையென்று கூறுதல் பொருந்தாது. 2014 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஸ்கார் விழாவில் நடிகர் கூட்டமொன்று எடுத்த படம் வெளியிடப்பட்டபோது, ஒரு மணி நேரத்துக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை மறுபதிவு செய்தனர். சேவை சிறிது நேரம் தடுமாறியது. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதும் வெள்ளம் ஒருவகை. எல்லாரும் ஒரே பொருளைத் தொடும் நெரிசல் மற்றொருவகை.

2016 ஆம் ஆண்டில் காலவரிசையின் ஆட்சி தளரத் தொடங்கியது. வாசகருக்கு ஏற்றவை என்று மென்பொருள் தெரிந்தெடுத்தவற்றை வரிசையின் தலையில் வைக்கும் முறை புகுந்தது. 2023 மார்ச் இறுதியில், தெரிந்தெடுக்கும் மென்பொருளின் ஒரு பகுதியை அந்நிறுவனம் வெளியிட்டு விளக்கமும் தந்தது. ஒவ்வொரு தடவையும் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து ஏறக்குறைய 1,500 பதிவுகள் பொறுக்கப்படுமாம். அவற்றுட் சராசரியாகப் பாதி, வாசகர் பின்தொடராதவர்கள் எழுதியவை. பின்னர் ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டு அடுக்குவர். இச்செயல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கோடித் தடவை, சராசரியாக ஒன்றரைச் செக்கனுக்குள் நடைபெற்றது. ஒரு தடவைக்குச் செலவாகும் கணினி உழைப்பு 220 செக்கன். பல கணினிகள் பங்கிட்டுக்கொள்வதனாலேயே அது ஒன்றரைச் செக்கனில் முடிகிறது.

வாசிப்பவரைக் காத்திருக்க விடாதபடி எழுதும் வேளைக்குத் தள்ளிய உழைப்பு, இவ்வாறு பெருமளவில் மீண்டும் வாசிக்கும் வேளைக்கே வந்து சேர்ந்தது. கிராமத்து உவமையிற் சொன்னால், வாசலில் இட்ட கடிதங்களை ஒருவர் இடைநின்று எடுத்து, கேளாத கடிதங்களையும் அவற்றோடு கலந்து, தாம் நல்லதென்று கருதிய ஒழுங்கில் வீட்டுக்காரரிடம் நீட்டுகிறார். வாசலுக்கு வந்த கடிதம் ஒன்று அந்த 1,500 இல் இடம்பெறாதுபோனால், அத்தடவை அது வீட்டுக்காரரின் கண்ணிற் படாது. அவர் அடுத்த முறை திறக்கும்போது தேர்வு முதலிலிருந்து தொடங்கும்.